கொடி காட்டாமல் கப்பல் கிளம்பாது

பினாங்கில் சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் துறையிலிருந்து பழைய கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். சாவகாசமாக நடந்தால் பத்து நிமிடம். மழை துரத்தினால் ஐந்து. அந்தக் கோட்டையைக் காட்டுவதற்கு எங்கள் கப்பலில் ஏ.சி. பஸ், வழிகாட்டி, ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு விலை போட்டிருந்தார்கள். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் கோட்டைக்கே வெள்ளையடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பணம் கட்டியவர்களுக்குச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வட்டமாக ஒரு ஸ்டிக்கர் உண்டு. அதில் ஒரு எண். அந்த எண்ணுள்ள பஸ் தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்கும். ஸ்டிக்கர் இல்லாமல் தன் பாட்டுக்கு ஊர் சுற்றப் போனவர் தாமதமாக வந்தால் காத்திருக்காது. அவர் தன் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய் அங்கே ஏறிக்கொள்ள வேண்டியதுதான். இதை மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்படி ஒரு சிரிப்பை நான் வட்டிக்கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

"நாம தனியாப் போவோம்" என்றேன் நான். மந்தையோடு போய், கொடி பிடித்தவர் பின்னால் நடந்து, அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, படம் எடுக்கச் சொன்னதைப் படம் எடுப்பதா? சுதந்திரமாக ஒரு பழைய ஊரின் சந்துபொந்தெல்லாம் அலைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தனியாக என்றால் நான், என் மனைவி, மனைவியின் அண்ணன். மனைவி அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மச்சான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சுதந்திரமாக அலைய இதைவிடத் தோதான துணை யாருக்கு வாய்க்கும்?

மச்சானின் கைக்கடிகாரத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது இந்திய நேரத்தில்தான் ஓடும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியும் அவர் முள்ளைத் திருப்பவில்லை. "அஸ்ஸாம்ல விடிஞ்சிரும், குஜராத்துல விடிஞ்சிருக்காது. ரெண்டுக்கும் ஒரே டயம் வச்சு வண்டி ஓட்டுனவன் நான். இவன் ஊருக்காக வாட்சைத் திருப்புவேனா?" என்றார். அவருக்கு ஒத்துவருமே என்று, மலேசியத் தீபகற்பம் தன் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவைத்த கதையைச் சொன்னேன். சபாவும் சரவாக்கும் ஒரு நேரத்தில், தீபகற்பம் ஒரு நேரத்தில் என்று இருந்ததை ஒன்றாக்கினார்கள். பக்கத்திலிருந்த சிங்கப்பூரும் கூடவே தள்ளிவைத்தது. மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மாப்ளே? நெனச்சா மாத்துவான். இவனை நம்பி நான் மாத்தி வச்சா, நாளைக்கு இன்னொரு அரை மணி தள்ளுவான்" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும், ஆறுக்குப் புறப்பாடு. மச்சான் கணக்கில் இரண்டரைக்குள், மூன்றரைக்கு. காலை பத்து மணிக்கு, அதாவது ஏழரைக்கு, அட்டையைத் தேய்த்துவிட்டு இறங்கினோம். இறங்கியதும் மனைவி எங்களை எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு." நாங்கள் இருப்பதே இரண்டு பேர். ஆனாலும் முப்பத்தைந்து வருடப் பழக்கம். கல்விச் சுற்றுலாவில் பிள்ளைகளைத் தொலைக்காமல் கூட்டி வந்த பெருமை அவளுக்கு உண்டு.

துறைமுகத்துக்கு வெளியே டாக்ஸிக்காரர்கள் கூட்டமாக நின்று, ஊர் ரொம்பத் தூரம் என்று சத்தியம் செய்தார்கள். அவர்களுடைய தோளுக்குப் பின்னால் ஊர் தெரிந்தது.

இந்தத் துறைக்கு ஸ்வெட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய ஆளுநரின் பெயர். இதன் தண்ணீரில் நடந்த ஒரு காரியத்தை மனைவிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் கப்பலிலேயே தயாராக வந்திருந்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், அடுத்த மாதம் 28ஆம் தேதி விடியற்காலையில் இங்கே வந்து நின்றது. அதற்கு உள்ளபடி மூன்று புகைபோக்கிகள். நான்காவதாகப் பொய்யாக ஒன்றைக் கட்டி நிறுத்திக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் வேஷத்தில் உள்ளே நுழைந்தது. நங்கூரம் போட்டு அசந்து நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் இறக்கவில்லை. அவர் அன்றிரவு கப்பலிலேயே இல்லை, கரையில் தங்கிவிட்டார். பின்னால் அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

"இதுக்குத்தான் சொல்றேன், நேரத்தோட கப்பலுக்குத் திரும்பணும்னு" என்றாள் மனைவி.

"அனுமதியில்லாம வெளியில தங்குனா சார்ஜ்ஷீட்தான்" என்றார் மச்சான்.

நேரத்தோடு திரும்பியிருந்தால் அவரும் போய்ச் சேர்ந்திருப்பாரே என்று நான் சொன்னதை இருவருமே கண்டுகொள்ளவில்லை. ஒரே சம்பவத்திலிருந்து மூன்று பேர் மூன்று பாடம் எடுத்துக்கொள்கிற குடும்பம் எங்களுடையது.

துறைமுகத்தை விட்டு வந்ததும் ரவுண்டானா நடுவில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்ததற்காக, 1897இல் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் தன் காசில் கட்டத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரம். கட்டி முடிக்க 1902 ஆகிவிட்டது. அதற்குள் மகாராணி 1901இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நேரத்தைக் காட்டுவதற்காகக் கட்டிய கட்டடம், தானே நேரத்துக்கு வரவில்லை. போதாக்குறைக்கு, இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியில் அது லேசாகச் சாய்ந்துவிட்டது.

மச்சான் தூரமாகப் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். கடைசியில் தன் வாட்சைப் பார்த்துவிட்டு, "இதுவும் ரெண்டரை மணி ஃபாஸ்ட்டா ஓடுது" என்று தீர்ப்புச் சொன்னார்.

கோட்டைக்கு வருகிறேன். கோட்டை என்றதும் செஞ்சி, வேலூர் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். கார்ன்வாலிஸ் கோட்டையின் சுவர் நம் ஆள் ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறினால் தாண்டிவிடுகிற உயரம்தான் இருக்கும். 1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேய வியாபாரி இங்கே வந்து இறங்கியபோது முதலில் பனைமரத் தண்டுகளை நட்டு வேலிதான் கட்டினார். செங்கல்லும் கல்லும் பிறகு வந்தவை. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்துவிட்டு, கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தாரே, அந்தக் கார்ன்வாலிஸின் பெயரை வைத்தார்கள். பெயர் ராசியோ என்னவோ, தற்காப்புக்காகக் கட்டிய இந்தக் கோட்டை ஒரு சண்டையையும் பார்க்காமல் வயதாகிவிட்டது.

லைட் இறங்கிய இடம் அடர்ந்த காடு. வெட்டுவதற்கு ஆள் வரவில்லையாம். பீரங்கியில் வெள்ளிக்காசுகளைக் கெட்டித்துக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிக்கொண்டே ஜனங்கள் காட்டை வெட்டித் தீர்த்துவிட்டார்கள் என்று ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, மச்சானுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "கான்ட்ராக்ட் விட்டிருந்தா காசும் போயிருக்கும், காடும் அப்படியே இருந்திருக்கும்" என்றார். தீவு கெடா சுல்தானுடையது. சயாம்காரன் வந்தால் படை அனுப்புகிறோம் என்று லைட் நம்பிக்கை கொடுத்துத் தீவை வாங்கிக்கொண்டார். கம்பெனி படை அனுப்பச் சம்மதிக்கவில்லை. சுல்தான் 1791இல் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார். கடைசியில் ஆண்டுக்கு ஆறாயிரம் ஸ்பானிஷ் டாலர் என்று ஒப்பந்தமாயிற்று. மதுரையில் இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மச்சான், சுல்தானை நினைத்துக் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்.

கோட்டையில் லைட்டுக்கு ஒரு வெண்கலச் சிலை உண்டு. நல்ல கம்பீரம். ஆனால் முகம் அவருடையது இல்லை. சிலை வைக்கலாம் என்று தீர்மானித்த காலத்தில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே அவருடைய மகன் வில்லியமின் முகச்சாயலை வைத்து வார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தைத் திட்டம் போட்டு அமைத்தவர் அந்த மகன். அப்பா பெயரில் மகன் நின்றுகொண்டிருக்கிறார். வாரிசு அரசியலில் ஊறிய நமக்கே இது புதுமை; நம் ஊரில் மகன்தான் அப்பா முகத்தைப் போஸ்டரில் போட்டுக்கொள்வார்.

அங்கே செரி ரம்பாய் என்று ஒரு பீரங்கி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. சுல்தான்கள் கைமாறி, கடைசியில் ஆங்கிலேயரிடம் வந்தது. அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொண்டால் குழந்தை பிறக்கும் என்று இங்குள்ள பெண்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பீரங்கிக்கு இதைவிட மரியாதையான ஓய்வுக்கால வேலை எனக்குத் தெரியாது. நான் அதைத் தொட்டுப் பார்க்கப் போனபோது, "உங்களுக்கு எதுக்கு? இங்கிட்டு வாங்க" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். பிறகு எண்ணினாள். ஒன்று, இரண்டு.

அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஒரே சாலை வரிசையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல். பள்ளிவாசலுக்கு முன்னால் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தால் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். குவான் யின் கோயிலில் தூண் தூணாக ஊதுபத்தி எரிகிறது. மாரியம்மன் கோயிலில் கற்பூரம். மொத்தத்தையும் ஒரு மணி நேரத்தில் கும்பிட்டுவிடலாம். மனைவி விடாமல் எல்லா இடத்திலும் கும்பிட்டாள். கேட்டதற்கு, "அஞ்சு மணிக்குள்ள ஏறணும்ல, யார் கையில இருக்கோ" என்றாள்.

பள்ளிவாசலைத் தோற்றுவித்தவர் காதர் முகைதீன். சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இந்த ஊரின் தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவரானவர். 1801இல் தொடங்கிய பள்ளிவாசல் இன்று குவிமாடங்களோடு தெருவையே ஆள்கிறது. அதன் நிழலில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊர் முழுக்க, கப்பலுக்குத் திரும்பிப் போகாதவர்கள் கட்டிய ஊர். காதர் முகைதீன் திரும்பவில்லை. சீனாவிலிருந்து வந்த கூ குடும்பத்தார் திரும்பவில்லை. தங்கி, அரண்மனைபோல ஒரு குலமன்றம் கட்டி, அது எரிந்துபோனதும் மறுபடி கட்டி 1906இல் முடித்தார்கள். கடற்கரையில் ஓட்டல் வைத்த ஆர்மீனியச் சகோதரர்களின் பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. லைட்டே திரும்பவில்லை, 1794இல் மலேரியாவில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். எல்லோரும் ஐந்து மணிக்குள் அட்டையைத் தேய்த்துக் கப்பல் ஏறியிருந்தால், இங்கே பனைமர வேலி ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க ஊர் இருந்திருக்காது.

இந்தச் சிந்தனையை நான் வாய்விட்டுச் சொன்னேன். "அப்படின்னா நீங்க இருந்துக்கங்க. அண்ணே, வாங்க நாம போவோம்" என்றாள் மனைவி.

எங்கள் தெருவில் ரஜுலா கப்பலில் பினாங்குக்குப் போய்த் திரும்பிய தாத்தா ஒருவர் இருந்தார். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. மேல்தளப் பயணிகளுக்கு அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. தாத்தா வாந்தி எடுத்ததைத் தவிர அந்தப் பயணத்தில் வேறெதையும் சொன்னதில்லை. எங்கள் கப்பலில் நாலு நேரமும் தின்றுகொண்டே இருக்கலாம். படுக்கையில் துண்டைச் சுருட்டி யானைக்குட்டி செய்து வைக்கிறார்கள். ரஜுலாவில் வந்தவர்கள் ஊர் பார்க்க வரவில்லை, சரிதான். ஆனால் ஊரைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் பார்த்தது கடிகாரத்தை.

லிட்டில் இந்தியாவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கீழமாசி வீதியில் நடக்கத் தெரிந்தவருக்கு அங்கே வழிகாட்டி தேவையில்லை. ஸ்பீக்கரில் பாட்டு, சாமந்தி மாலை, முறுக்கு. மச்சான் ஒரு கடையில் நின்று ஊரில் கிடைக்கும் அதே பிராண்டு ஊறுகாயைக் கையில் எடுத்து, விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடும் ஜாக்கிரதையோடு திரும்ப வைத்தார்.

ஆர்மீனியன் தெருவில் ஒரு சுவரில் இரண்டு குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் ஓவியம் இருக்கிறது. லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்தது. குழந்தைகள் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம். சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார். பக்கத்தில் இருநூறு வருடக் கட்டடங்கள் ஆளில்லாமல் நிற்க, இந்த ஒரு சைக்கிளுக்கு ரேஷன் கடை வரிசை. எங்கள் கப்பலின் ஸ்டிக்கர்காரர்கள் மொத்தமாக அங்கேதான் நின்றார்கள். அவர்களைப் பார்த்து நான் உள்ளுக்குள் ஏளனமாகச் சிரித்துவிட்டு, வரிசையில் போய் நின்றேன். படம் எடுத்துக்கொள்ளாமல் போனால் பினாங்குக்கு வந்ததற்கு அத்தாட்சி?

படம் எடுத்து முடித்ததும் மனைவி எண்ணினாள். "ஒண்ணு." மறுபடி எண்ணினாள். மறுபடியும் ஒன்றுதான்.

மச்சானைக் காணோம். நான் சந்துக்குள் ஓடினேன், மனைவி எதிர்ச் சந்துக்குள் ஓடினாள். கடைசியில் தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்ற பதினான்காம் எண் பஸ்ஸின் ஜன்னலில் அவருடைய நீலச் சட்டை தெரிந்தது. இரண்டாவது வரிசையில், ஏ.சி. காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்து, கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு இருந்தார். வழிகாட்டி நடைபாதையில் நின்று, விரலை நீட்டித் தலைகளை எண்ணி ஒரு தாளில் குறித்துவிட்டு, முன்னால் போய் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைத் தட்டி, மச்சானைப் பின்கதவு வழியாக இறக்கினேன்.

"என்ன மச்சான் இது?"

"அந்தாளு பச்சைக் கொடி காட்டினான், மாப்ளே."

வழிகாட்டி கையில் உள்ளபடியே பச்சைக் கொடிதான். கூட்டத்தில் தொலையாமல் இருக்க ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம்.

"முப்பத்தாறு வருஷம் சர்வீஸ். பச்சைக் கொடியைப் பாத்துட்டுப் பிளாட்பாரத்துல நிக்க முடியுமா? கால் தன்னால ஏறிருச்சு" என்றார். தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நான் கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருந்தது. நாங்கள் மூவருமே குடித்தோம்.

சாப்பாட்டு நேரம் வந்ததும் வீட்டுக்குள் ஒரு கட்சி பிளவு. கப்பலில் சாப்பாடு இலவசம், அதை விட்டுவிட்டு இங்கே காசு கொடுப்பானேன் என்பது மனைவி கட்சி. இலவசம் என்று யார் சொன்னது, டிக்கெட்டிலேயே வாங்கிவிட்டான் என்பது என் கட்சி. மச்சான் இரண்டு கட்சியிலும் சாப்பிடுகிறவர். வாசனைதான் வழக்கைத் தீர்த்துவைத்தது.

நாசி கண்டார் என்பது பினாங்கின் தமிழ் முஸ்லிம்கள் உலகத்துக்குக் கொடுத்த சோறு. அந்தக் காலத்தில் தோளில் காவடிபோல ஒரு கம்பு, ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானைகள் என்று தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள். இப்போது கம்பு போய்க் கடை வந்துவிட்டது, வரிசையும் வந்துவிட்டது. தட்டில் சோற்றை வைத்து, கோழியோ மீனோ கணவாயோ நாம் காட்டியதை வைத்து, வெண்டைக்காய் ஒன்றை ஓரமாகச் சாத்தி, பிறகு "பஞ்சிரா?" என்று கேட்கிறார்கள். மலாயில் வெள்ளம். அதாவது எல்லாக் குழம்பையும் மேலே விடலாமா என்று கேள்வி. மச்சான் எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டினார். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, இன்னும் என்னவோ கறுப்பாக ஒன்று, எல்லாம் அடுத்தடுத்துப் பாய்ந்து சோறு தீவாகிவிட்டது.

நம் ஊரில் மீன் குழம்பையும் கறிக் குழம்பையும் ஒரே சோற்றில் கலந்தால் அம்மா தட்டைப் பிடுங்கிவிடுவாள். இங்கே அப்படிக் கலந்ததில்தான் ருசியே இருக்கிறது. நான் இதை அடித்துச் சொல்வேன்: இந்த ஊரில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கோட்டையை விட்டுவிட்டு இந்தச் சோற்றைச் சாப்பிடுங்கள். கோட்டை படத்திலும் அதேபோலத்தான் இருக்கும். மனைவி மீன் மட்டும் என்று தொடங்கி, என் தட்டிலிருந்த கணவாயில் பாதியை எடுத்துக்கொண்டு முடித்தாள். பரிமாறியவர் தட்டை ஒரு பார்வை பார்த்து ஒரு தொகை சொன்னார். எதற்கு எவ்வளவு என்று கேட்ட மச்சானிடம், "கூட்டிப் பாத்தா சரியாத்தான் வரும்ணே, நம்பிக் குடுங்க" என்றார் நல்ல ராமநாதபுரத்துத் தமிழில். மச்சான் கொடுத்துவிட்டார். சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டால் அவர் கணக்குக் கேட்கமாட்டார்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. "பன்னெண்டரைதான் ஆவுது" என்றார் மச்சான். இந்த ஒரு வாக்கியத்தின் தெம்பில் சூ குலத்தாரின் மரப்படகுத்துறைக்குப் போனோம். கடலுக்குள் கழி நட்டு, பலகை போட்டு, அதன்மேல் வரிசையாக வீடுகள். லிம், டான், லீ என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பலகைத் தெரு. வீட்டு வாசலில் சாமி மாடம், செருப்பு, தொட்டியில் செடி, கீழே அலை. நிலத்தில் நிற்காத வீடாகையால் நிலவரி கிடையாது என்று சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் மச்சான் பலகையின் நடுவில் நின்றுவிட்டார். கழியை எட்டிப் பார்த்தார். எத்தனை அடிக்கு ஒன்று நட்டிருக்கிறார்கள் என்று நடந்து அளந்தார். வைகையில் தண்ணீர் இல்லையே என்பதுதான் அவருடைய கவலை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் மழை பிடித்தது. பினாங்கு மழைக்குத் தூறல் என்ற முன்னுரையெல்லாம் கிடையாது. ஒதுங்கி நின்று பார்த்தால் மணி நாலேகால். தலைமையாசிரியையின் முகம் மாறிவிட்டது.

"டிரைஷா!" என்று கைதட்டினாள்.

பினாங்கு டிரைஷாவில் ஓட்டுகிறவர் பின்னால் இருப்பார், பயணி முன்னால். பார்வைக்கு மறைப்பே கிடையாது என்று இதைப் பாராட்டி எழுதுவார்கள். உண்மையில் எதிரே வரும் லாரிக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் இருக்கும் பஞ்சு மெத்தை நாம்தான். இருவர் உட்காரும் இருக்கையில் மனைவியும் மச்சானும் உட்கார, நான் இருவர் மேலும் பட்டும் படாமலும் குந்தினேன். சுற்றிலும் பிளாஸ்டிக் பூ, தலைக்கு மேலே ஒரு குடை, ரேடியோவில் எம்.ஜி.ஆர். பாட்டு. ஓட்டுகிறவர் எழுபது வயதுச் சீனர். ஒவ்வொரு திருப்பத்திலும் மச்சான் கையை வெளியே நீட்டி இல்லாத கொடியை ஆட்டினார். ஆச்சரியம் என்னவென்றால், வண்டிகள் நின்றன.

நாலு முப்பத்தைந்துக்குத் துறையில் இறங்கினோம். வழியில் நின்ற யாரையும் மதிக்காமல், நனைந்த சட்டையோடு, மூச்சிரைக்க ஓடி அட்டையைத் தேய்த்து ஏறினோம். ஏறியதும் மனைவி எண்ணினாள். ஒன்று, இரண்டு. "என்னையும் சேத்தா மூணு" என்று முதல் தடவையாகத் தன்னையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

துணி மாற்றிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய், கைப்பிடியில் சாய்ந்து நின்றோம். கரையில் கடைசியாக ஓடிவருகிறவர்களைப் பார்க்க அங்கே ஒரு கூட்டமே கூடும். ஓடுகிறவருக்குக் கைதட்டுவார்கள், விசில் அடிப்பார்கள். ஐந்து ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஏணியை எடுக்கவில்லை. ஆறேகால். மச்சான் வாட்சைப் பார்த்தார். "மூணே முக்கால். கால் மணி லேட் ஸ்டார்ட்." ஆறரை. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாழ்நாளெல்லாம் தாமதத்துக்குக் காரணம் எழுதியே பழகியவர். காரணம் எழுதாத தாமதத்தை அவர் பார்த்ததில்லை.

ஆறு ஐம்பதுக்கு ஒரே ஒரு பஸ் துறைக்குள் வந்தது. ஸ்டிக்கர்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். சிறிது நேரத்தில், எங்களோடு ஒரே மேசையில் சாப்பிடும் கோயம்புத்தூர் அம்மா மேல்தளத்துக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னங்க சொல்றது. எங்க பஸ்ல ஒரு ஆளைக் காணோம்னு ரெண்டு மணி நேரம் தேடிட்டோமுங்க. வழிகாட்டி எண்றப்ப முப்பத்தேழு. படகுத்துறையில இறங்கி ஏறினா முப்பத்தாறு. யாரோ நீலச் சட்டை போட்ட பெரியவராம். பலகைக்குக் கீழ டார்ச் அடிச்சுக்கூடப் பாத்தாங்க. கடைசியில பேரு வாசிச்சுப் பாத்தா எல்லாரும் இருக்கறமுங்க!"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். நல்லவேளை, மச்சானின் நீலச் சட்டை அறையில் காய்ந்துகொண்டிருந்தது.

மச்சான் கொதித்துப்போனார். "பொறுப்பில்லாத பாசஞ்சர்! இவனுங்களாலதான் எல்லா வண்டியும் லேட்டு. இந்த அம்பது நிமிஷத்தை யார் கணக்குல எழுதுவான்? ஆப்பரேட்டிங் கணக்கா, இன்ஜினியரிங் கணக்கா? எழுதாம விடக்கூடாது, மாப்ளே" என்று சொல்லிக்கொண்டே, வெள்ளைச் சீருடை கண்ணில் பட்ட திசையில் விறுவிறுவென்று நடந்தார். அந்தச் சீருடைக்காரன் தட்டில் கோப்பைகளைச் சுமந்துவந்த பிலிப்பைன்ஸ் பையன். மச்சான் அவனை மறித்து, வாட்சைத் தட்டிக் காட்டி, யார் கணக்கில் என்று ஆங்கிலத்தில் அதட்டினார்.

பையன் பணிவாகக் குனிந்து, "அறை எண் என்ன, சார்?" என்று கேட்டான்.

மச்சான் ஒரு கணம்கூட யோசிக்காமல் என் அறை எண்ணைச் சொன்னார். சற்று நேரத்தில், சின்னக் காகிதக் குடை செருகிய அன்னாசிப் பழரசம் ஒன்றும், கையெழுத்துப் போட ஒரு ரசீதும் என்னைத் தேடி வந்தன.